பழைய பெட்டியை எடைக்குப் போடுமுன்

நம் வயதுக்காரர்களின் வீடுகளில் இப்போது ஒரு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது. வெளியூரிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பரண், மாடி அறை, கொல்லைப்புறக் கொட்டகை எல்லாவற்றையும் காலி செய்கிறார்கள். "இது எதுக்கு? இது யாருக்கு?" என்று ஒவ்வொரு சாமானையும் தூக்கிப் பார்த்துவிட்டு, பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடுகிறார்கள். அவரும் தராசோடு வந்துவிடுகிறார்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அடுக்குமாடி வீட்டில் எதை எங்கே வைப்பது? எல்லாவற்றையும் கட்டிக் காக்க வேண்டும் என்று சொல்லுகிற ஆளும் நான் இல்லை. ஓட்டை அண்டாவையும் கால் உடைந்த நாற்காலியையும் நானே எடைக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் பாட்டும் ஒலியும் சம்பந்தப்பட்ட பழைய பெட்டிகள் விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஒரு பெட்டி கெட்டுப்போய்விட்டது என்பது வேறு. இன்றைக்கு நம்மிடம் இருக்கும் கருவிக்கு அதனோடு பேசத் தெரியவில்லை என்பது வேறு. முதல் வகை என்றால் போகட்டும். இரண்டாவது வகை என்றால், நடுவில் ஒரு சின்ன டப்பா செய்து வைத்தால் போதும். அந்த டப்பாவின் பெயர் ப்ரீஆம்ப். அதை வீட்டிலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் மெல்லிசைக் குழு ஒன்றில் ஆர்கன் வாசித்தவர் என் நண்பர். கல்யாண வீடு, பொங்கல் விளையாட்டு விழா, வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு வரும் கச்சேரி என்று முப்பது வருஷம் ஓடியாடியவர். சென்ற வருஷம் காலமானார். வீட்டை விற்கப் பத்திரப்பதிவுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் வீடு காலியாக வேண்டும். அந்த வீட்டு மாடி அறையில் ஒரு மரப்பெட்டி. இடுப்புக்கு மேல் உயரம், நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும். மேலும் கீழும் ஜன்னல் சட்டம் போல வரிவரியாகத் திறப்புகள். பார்த்தால் பழைய காலத்துப் பீரோ மாதிரி இருக்கும்.

நண்பரின் மகன் சொன்னான்: "பெரியப்பா, இதுல செல்போனைச் சொருகக்கூட ஒரு ஓட்டை இல்ல. ஆர்கனை அப்பா கஷ்டகாலத்துல எப்பவோ வித்துட்டாரு. இது மட்டும் சும்மா கெடக்கு. ஆசாரி வந்து பாத்தாரு. பலகை நல்லா இருக்காம், உள்ள இருக்கறதைப் பிடுங்கிட்டா ஷோகேஸ் பண்ணிடலாம்ங்கறாரு."

அது லெஸ்லி பெட்டி. 147 என்று எண் போட்ட மாதிரி. நண்பர் அதைச் சென்னையில் பழையதாக வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தவர்.

லெஸ்லி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் லாரன்ஸ் ஹேமண்ட் என்பவர் 1935-ல் மின்சார ஆர்கன் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தேவாலயங்களில் சுவர் நிறையக் குழாய்களோடு நிற்கும் ஆர்கனுக்குப் பதிலாக, ஒரு மேஜை அளவில் அது வந்தது. டான் லெஸ்லி என்ற இன்னொரு அமெரிக்கருக்கு அந்த ஆர்கன் பிடித்துப்போயிற்று. ஆனால் வீட்டில் வைத்துக் கேட்டபோது ஒலி தட்டையாக, உயிரில்லாமல் இருந்தது. குழாய் ஆர்கனில் ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு இடத்திலிருந்து வரும். இதிலோ எல்லாம் ஒரே ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அப்படியானால் ஒலி வரும் இடத்தையே நகர்த்திப் பார்த்தால் என்ன என்று அவர் யோசித்தார். நாற்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய சுழலும் பெட்டி விற்பனைக்கு வந்தது.

பெட்டியின் மேல் தட்டில் இரண்டு வாய் கொண்ட ஒரு கொம்பு சுற்றுகிறது. இரண்டு வாயில் ஒன்றுதான் பேசும். மற்றது எடை சமமாக இருப்பதற்காக வைத்த ஊமை வாய். கீழ்த் தட்டில் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று தரையைப் பார்த்துக் குப்புறப் படுத்திருக்கும். அதன் அடியில் மர உருளை ஒன்று, கொம்புக்கு எதிர்த்திசையில் சுற்றும். 800 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி மேலே போகும். அதற்குக் கீழ்ப்பட்டது கீழே போகும். வேகம் இரண்டு. மெதுவாகச் சுற்றினால் கோயில் மண்டபத்தில் பத்துப் பேர் சேர்ந்து பாடுவது போல இருக்கும். வேகமாகச் சுற்றினால் ஒலி நடுங்கும், பிருகா போல. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது உருளை உடனே வேகம் எடுக்காது. சில நொடி ஆகும். அந்த இடைவெளியில்தான் கேட்பவருக்கு மயிர்க்கூச்செறியும்.

ஹேமண்டுக்கு இந்தப் பெட்டி பிடிக்கவில்லை என்பதும் வரலாறு. வாங்கிக்கொள்ளச் சொன்னபோது மறுத்துவிட்டார். வாசிப்பவர்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இன்றைக்கு ஹேமண்ட் ஆர்கன் என்றாலே பக்கத்தில் லெஸ்லி பெட்டி இருக்கும். 1966-ல் பீட்டில்ஸ் குழுவினர் ஒரு பாட்டுக்கு ஜான் லெனனின் குரலையே இந்தப் பெட்டிக்குள் விட்டு எடுத்தார்கள்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தேனி–கம்பம் சாலையில் நிற்கிறீர்கள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே உங்களைக் கடந்து போகிறது. நெருங்கும்போது ஒலி உயர்ந்தும், கடந்தபின் தாழ்ந்தும் கேட்கிறது அல்லவா? அதேதான் இது. பள்ளிக்கூடத்தில் இதை டாப்ளர் விளைவு என்று படித்திருப்பீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அதை டாப்ளர்–ஃபிஸோ என்று சேர்த்தே சொல்லிக் கொடுத்தார்கள். டாப்ளர் 1842-ல் சொன்னதை, பிரான்சில் ஃபிஸோ 1848-ல் ஒளிக்கும் பொருத்திச் சொன்னார். தங்கள் ஆளை விட்டுக்கொடுக்க பிரெஞ்சுக்காரர்களுக்கு மனம் வராது. இடையில் 1845-ல் ஹாலந்தில் பைஸ் பாலட் என்பவர் ரயில் வண்டியில் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றி ஊதச் சொல்லி, தண்டவாளத்தின் ஓரத்தில் சுரஞானம் உள்ளவர்களை நிறுத்திச் சோதித்துப் பார்த்தார். ரயிலும் கொம்பும் வைத்துச் செய்த அந்தச் சோதனையைத்தான் லெஸ்லி ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கிவிட்டார்.

கணக்கும் எளிதுதான். கொம்பின் வாய் அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 400 சுற்று. அப்படியானால் வாய் நகரும் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். கடைவீதியில் டவுன் பஸ் போகிற வேகம். 1000 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று சுமார் 975-க்கும் 1025-க்கும் நடுவே நொடிக்கு ஆறேழு தடவை ஊசலாடும். அரைச் சுரத்துக்கும் குறைந்த அசைவு. நம் நாகஸ்வர வித்வான் கருவியை இப்படியும் அப்படியும் திருப்பி வாசிக்கும்போது ஒலி நெருங்கியும் விலகியும் கேட்குமே, அந்தக் குளுமைக்கு இது ஒன்றுவிட்ட உறவு.

சரி, இவ்வளவு நல்ல பெட்டி ஏன் ஊமையாகிவிட்டது? இங்கேதான் ப்ரீஆம்ப் வருகிறது.

147-க்குள்ளேயே வால்வு ஆம்பிளிபயர் ஒன்று இருக்கிறது. ஆனால் ஆர்கனின் ஆம்பிளிபயர் ஸ்பீக்கருக்கு அனுப்பும் வலுவான சிக்னலை வாங்கிப் பழகியது அது. அதன் அளவு பல வோல்ட். இன்றைய கீபோர்டும் செல்போனும் தருவதோ ஒரு வோல்ட், அதற்கும் குறைவு. அதோடு, பெட்டியில் இருப்பது ஆறு முள் சாக்கெட். ஒலி, மின்சாரம், வேகத்தை மாற்றும் ரிலேக்கான இணைப்பு எல்லாம் அதற்குள்ளேயே ஒன்றாக வருகின்றன. ஆர்கன் போனபோது அதோடு இந்த ஏற்பாடெல்லாம் போய்விட்டது. பெட்டி அனாதையானது இப்படித்தான். அது கெட்டுப்போகவில்லை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். ப்ரீஆம்ப் என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் எங்கள் அலுவலகத்தை வைத்துத்தான் சொல்லுவேன். மனு கொண்டுவருபவர் மெல்லிய குரலில் பேசுவார். அதிகாரி பெரிய மேஜைக்குப் பின்னால் இருப்பார். மனுதாரர் எவ்வளவு கத்தினாலும் அது அவர் காதில் ஏறாது. உரிய படிவத்தில், உரிய குறிப்போடு கோப்பாகப் போனால்தான் ஏறும். நடுவில் இருக்கும் எழுத்தரின் வேலை அதுதான். நல்ல எழுத்தர் தன் சொந்தச் சரக்கைச் சேர்க்க மாட்டார். மனுவில் உள்ளதையும் விட்டுவிட மாட்டார். ப்ரீஆம்புக்கும் இலக்கணம் அதுவே. சின்னதைப் பெரிதாக்கு, சேர்க்காதே, குறைக்காதே.

தேனிப் பக்கம் டிவி, ஆம்பிளிபயர் ரிப்பேர் செய்கிற இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவர் அப்பா மைக் செட் வைத்திருந்தவர். "அய்யா, வால்வு செட்டை அப்பா காலத்துல பாத்தது. தொட்டுப் பாக்கணும்னு ஆசைதான்" என்று வந்து சேர்ந்தார். பத்து நாள் சாயங்காலம் நானும் அவரும் உட்கார்ந்தோம்.

பெட்டிக்கு முதலில் மின்சாரம் கொடுக்கவே இல்லை. வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே இருந்த பழைய எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்களை மாற்றினோம். காய்ந்து விரிசல் விட்டிருந்த பெல்ட்டுகளுக்குப் பதில் புது பெல்ட், மோட்டாருக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. பிறகுதான் சீரிஸ் பல்ப் போர்டு வழியாக மின்சாரம். பல்ப் பளீரென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கி அடங்கினால் நிம்மதி. மங்கியது. பெட்டி அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது என்பதால் 230-ஐ 110 ஆக்கும் 500 வாட் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் வாங்கினோம். அங்கே நொடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. அதனால் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 400 சுற்று 330 பக்கம் வந்துவிடும். கப்பியை மாற்றினால் சரியாகும். நண்பர் மாற்றாமல்தான் வைத்திருந்தார். நாங்களும் அப்படியே விட்டோம்.

ப்ரீஆம்ப் மிகச் சாதாரணமானது. 15-0-15 டிரான்ஸ்பார்மர், நாலு டயோடு, இரண்டு பெரிய கண்டென்சர், 7815, 7915 என்று இரண்டு ரெகுலேட்டர், ஒரு டிஎல்072 சில்லு. சில்லைச் சுற்றிப் போட்ட இரண்டு ரெசிஸ்டர்தான் எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்பதை முடிவு செய்யும். 100 கே ஒன்று, 10 கே ஒன்று போட்டால் 11 மடங்கு. முக்கால் வோல்ட் உள்ளே போனால் எட்டு வோல்ட்டுக்கு மேல் வெளியே வரும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது; 15 வோல்ட் சப்ளை உள்ள சில்லு ஓர் எல்லைக்கு மேல் தலையை வெட்டிவிடும், ஒலி கரகரக்கும். கீபோர்டின் இடது, வலது இரண்டையும் ஒன்றாக்கும்போது வயரை வயரோடு முறுக்கிவிடாமல், ஆளுக்கு ஒரு 10 கே ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்தோம். இல்லாவிட்டால் ஒன்றின் வெளியீடு மற்றதன் வெளியீட்டோடு மல்லுக்கு நிற்கும்.

வேகத்தை மாற்றும் சுவிட்சில்தான் மிகுந்த கவனம் வேண்டியிருந்தது. 147-ல் அந்த ரிலேக்குப் போவது நேரடி மின்சாரம், 110 வோல்ட். அதை ஒலி போகும் டப்பாவுக்குள்ளேயே கொண்டுவருவது ஆபத்து. ஆகவே கால் சுவிட்சில் வெறும் 12 வோல்ட் மட்டும் ஓடும்படி வைத்து, அது தனியாக இன்னொரு ரிலேயை இழுத்து, அந்த ரிலே பெட்டியின் ரிலேயை இழுக்கும்படி செய்தோம். வாசிப்பவர் பாதத்தின் அடியில் 110 வோல்ட் இருக்கக் கூடாது அல்லவா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். 122 என்று ஒரு மாதிரி உண்டு. அதற்கும் இதே ஆறு முள் சாக்கெட்தான். ஆனால் உள் இணைப்பு முற்றிலும் வேறு; வேகத்தை மாற்றும் கட்டளை ஒலி போகும் வயரிலேயே போகும். முள் பொருந்துகிறதே என்று ஒன்றுக்குச் செய்ததை மற்றதில் சொருகினால் புகைதான் வரும்.

மொத்தச் செலவு, பெரிய டிரான்ஸ்பார்மரைத் தவிர்த்து, இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

பதினோராம் நாள் நண்பரின் பேத்தி தன் சின்னக் கீபோர்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஆர்கன் ஒலியைத் தேர்ந்தெடுத்து ஒரு சுரத்தை அழுத்தினாள். மாடி அறை முழுக்க ஒலி நிறைந்தது. மைக் செட்காரரின் மகன் சுவிட்சை மாற்றி மாற்றி மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை கதவோரம் பேசாமல் நின்றிருந்த நண்பரின் மனைவி, "மெதுவாச் சுத்துறதுலயே விடுங்க தம்பி. அவுக அப்படித்தான் வாசிப்பாக" என்றார். யாரும் சுவிட்சைத் தொடவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஷோகேஸ் பேச்சு நின்றுபோயிற்று. பெட்டி இப்போது மகன் வீட்டு ஹாலில், சோபா இருந்த இடத்தில் இருக்கிறது.

இனி, எனக்குச் சொல்லப்பட்ட ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். இதை வைத்து இங்கே பலரோடு பேசியாயிற்று.

முதல் ஆட்சேபணை: "இந்தச் சுழலும் ஒலி இப்போது கீபோர்டுக்குள்ளேயே ஒரு பட்டனில் இருக்கிறதே!" உண்மைதான். வேனில் ஊர் ஊராகப் போகும் குழுவுக்கு அதுதான் சரி. இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டன் தருவது ஒரே இடத்தில் நிற்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி. பெட்டியோ காற்றையே சுழற்றுகிறது. ஒலி எதிர்ச்சுவரில் பட்டு ஒரு கோணத்திலும் ஜன்னல் பக்கம் பட்டு இன்னொரு கோணத்திலும் திரும்பி வருகிறது. நீங்கள் நாற்காலியை நகர்த்தினால் பாட்டு மாறுகிறது. பிரகாரத்தில் நடந்துகொண்டே நாகஸ்வரம் கேட்பதற்கும் அதையே ரேடியோவில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டும் வேண்டும். ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றதை உடைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது: "செய்ததே கடையில் கிடைக்குமே, எதற்கு வீட்டில் செய்து கஷ்டப்பட வேண்டும்?" கிடைக்கும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால். அதன் விலையைக் கேட்டதும் மகன் ஆசாரிக்குத்தான் போன் போட்டிருப்பான். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வாங்கிய டப்பா கெட்டுப்போனால் பெட்டி மறுபடியும் அனாதைதான். செய்த டப்பா கெட்டால் தேனியிலேயே ஒருவருக்கு அதை எங்கே தொட வேண்டும் என்று தெரியும். பத்து நாளில் நாங்கள் செய்தது டப்பா மட்டும் இல்லை. அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆளையும் சேர்த்துச் செய்தோம்.

மூன்றாவது: "இது வெளிநாட்டுச் சாமான். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. ஹார்மோனியம் எங்கே பிறந்தது? பாரிஸில் அலெக்சாந்த்ர் தெபேன் என்பவர் 1842-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து காலால் மிதித்து வாசிக்கும் கருவி அது. நாம் தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறவர்கள். கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைக் கையால் துருத்தி அடிக்கும்படி, தரையில் வைத்து வாசிக்கும்படி மாற்றினார். கருவியை நம் உடம்புக்கு ஏற்றபடி திருத்தினோம். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒலிபரப்பில் ஒதுக்கியே வைத்திருந்தது. ஆனால் ஊர்கள் ஒதுக்கவில்லை. இதோ பக்கத்தில் பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராஜனும் அவர் தம்பிகளும் ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டுதான் கிராமம் கிராமமாகப் பாடினார்கள். அவர்களில் ஒருவர்தான் பின்னால் சென்னைக்குப் போய் மற்ற இசையமைப்பாளர்களிடம் கிடாரும் காம்போ ஆர்கனும் வாசித்து, 1976-ல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா ஆனார். வெளியிலிருந்து வந்த பெட்டியை நம் கைக்குப் பழக்குவது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிது ஒன்றும் இல்லை.

நான்காவது ஆட்சேபணையை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன்: "ஆபத்து." வால்வு ஆம்பிளிபயருக்குள் 400 வோல்ட்டை ஒட்டி இருக்கிறது. சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே பழக்கம் இல்லாதவர்கள் பெட்டிக்குள் கை வைக்கவே கூடாது. உள் வேலை தெரிந்தவருடையது. வெளியே வைக்கும் ப்ரீஆம்ப் டப்பாவை மட்டும் ஆர்வமுள்ள யாரும் பழகலாம். அங்கே கூட மூன்று முள் ப்ளக், உலோகப் பெட்டிக்கு எர்த், ஒரு ஃபியூஸ், இந்த மூன்றும் இல்லாமல் தொடங்கக் கூடாது. எர்த்தை எடுத்துவிட்டால் 'ஹம்' சத்தம் போய்விடும் என்று சிலர் யோசனை சொல்லுவார்கள். அப்படிச் செய்தால் சத்தத்தோடு ஆளும் போய்விடுவார். ஷீல்டு வயரின் வலையை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் இணைத்து, டிரான்ஸ்பார்மரை உள்ளீட்டிலிருந்து தள்ளி வைத்தாலே ஹம் அடங்கும். எங்களுக்கு அப்படித்தான் அடங்கியது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். ப்ரீஆம்ப் என்றாலே நம் ஊரில் சத்தத்தைக் கூட்டும் சாமான் என்று நினைக்கிறார்கள். திருவிழா நாளில் முல்லையாற்றங்கரையில் நின்று பாருங்கள். அக்கினிச்சட்டி எடுப்பவர்களும் ஆயிரங்கண் பானை சுமப்பவர்களும் போகிற வழியில், நாலு பக்கத்துக் குழாய்களும் ஒன்றையொன்று மிஞ்சிக் கத்தும். எந்தப் பாட்டும் யார் காதிலும் விழாது. "எத்தனை வாட்?" என்பதுதான் கேள்வி, "எப்படிக் கேட்கிறது?" என்று யாரும் கேட்பதில்லை. இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்லுகின்றன. அதை நினைவுபடுத்தினால் நம்மைச் சாமி விரோதி என்கிறார்கள். ப்ரீஆம்பின் வேலை கத்துவது இல்லை, பொருத்துவது. பொருத்தமாகச் சேர்ந்த சிக்னல் குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கும். பொருந்தாததை எவ்வளவு கூட்டினாலும் கரகரப்புத்தான் கூடும். கீபோர்டை வைத்து ஒரு மணி நேரம் வாசித்தபோதும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கவில்லை.

இதெல்லாம் ஒரு பெட்டியின் கதை என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பெட்டி ஏன் பிழைத்தது என்று யோசித்துப் பார்த்தேன். அதன் சர்க்யூட் படம் கிடைத்ததால் பிழைத்தது. அந்தக் காலத்துக் கருவிகளைத் திறந்தால் மூடியின் உள்பக்கத்திலோ கூட வந்த புத்தகத்திலோ படம் இருக்கும். நம் பழைய வால்வு ரேடியோக்களை ரிப்பேர் செய்தவர்கள் அதைப் பார்த்துத்தான் செய்தார்கள். இன்றைக்கு வாங்கும் சாமானில் படம் இல்லை. திருகுக்குப் பதில் பசை. திறந்தாலே வாரண்டி போய்விடும் என்று மிரட்டல் வேறு. பிரான்சில் 2021 முதல் செல்போன், மடிக்கணினி, டிவி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றின் மேல், அதை எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம் என்று பத்துக்கு மதிப்பெண் ஒட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். உதிரி பாகம் கிடைக்கிறதா, விவரப் புத்தகம் தருகிறார்களா, திறக்க முடிகிறதா என்பதற்கெல்லாம் மதிப்பெண். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் மதிப்பெண் சாமானின் மேல் ஒட்டியிருந்தால்தான் தேனி கடைத்தெருவில் பேரம் பேசும் நம் கண்ணில் படும். அதைக் கேட்டு வாங்க வேண்டிய வயது நமக்குத்தான். ரிப்பேர் செய்து வாழ்ந்த கடைசித் தலைமுறை நாம்.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் மூன்று கேள்விகள். பழைய ரேடியோ, டேப், ஆம்பிளிபயர், ஹார்மோனியம், எதுவாக இருந்தாலும், தராசுக்காரரைக் கூப்பிடுமுன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று, இது கெட்டுவிட்டதா, இல்லை இணைக்கத்தான் வழி இல்லையா? இரண்டு, இதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் முப்பது கிலோமீட்டருக்குள் யாராவது இருக்கிறாரா? மூன்று, இது பேசினால் கேட்க வீட்டில் ஒருவராவது இருக்கிறாரா? மூன்றில் இரண்டுக்கு நல்ல பதில் வந்தால் ஒரு மாதம் பொறுங்கள். மூன்றுக்கும் இல்லை என்றால் மனம் வருந்தாமல் எடைக்குப் போடுங்கள். செம்பும் இரும்பும் வேறு எதற்காவது உதவட்டும்.

அப்படியே நீங்கள் எதையாவது செய்து முடித்தால், தயவுசெய்து ஒரு காரியம் செய்யுங்கள். எந்த வயர் எங்கே போகிறது, எந்த முள்ளில் எத்தனை வோல்ட், எந்த ரெசிஸ்டர் என்ன மதிப்பு என்பதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கோப்பில் குறிப்பு எழுதி வைக்காமல் எழுத்தர் ஓய்வு பெற்றால், அடுத்து வருபவர் என்ன பாடுபடுவார் என்று எனக்குத் தெரியும். லெஸ்லி பெட்டியின் பின்பக்கக் கதவின் உள்ளே நாங்கள் ஒட்டிய தாள் தமிழில் இருக்கிறது. மேலே சிவப்பு மையில் ஒரு வரி: "அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் இருக்கும், பொறுத்துத் தொடவும்."